மேசை தட்டிய கைகளுக்கு ஒரு வாழ்த்து

மாண்புமிகு சட்டமன்ற உறுப்பினர்களே, மருத்துவமனைக்காகத் தன் இடத்தையே விட்டுக்கொடுத்த அவை உங்களுடையது. 2010 மார்ச்சில் பிரதமர் மன்மோகன் சிங் வந்து திறந்துவைத்த ஓமந்தூரார் வளாகத்துப் புதிய சட்டமன்றக் கட்டடம், மறு ஆண்டே மருத்துவமனையாகும் என்று அறிவிக்கப்பட்டது. 2014-ல் பல்நோக்கு உயர் சிறப்பு மருத்துவமனையாகத் திறக்கப்பட்டது. நீங்கள் பழைய கோட்டைக்கே திரும்பினீர்கள். ஆட்சி மாறியதால்தான் அது நடந்தது என்பதைத் தமிழ்நாட்டில் சிறுபிள்ளையும் அறியும். ஆனாலும் உறுப்பினர்கள் உட்காரக் கட்டிய இடத்தில் இன்று நோயாளிகள் படுத்து, தேறி, வீடு போகிறார்கள். அந்தப் புண்ணியத்தில் உங்கள் எல்லோருக்கும் பங்கு உண்டு.

கட்டுவதில் உங்களுக்குள்ள கைராசியை நான் மனதாரப் போற்றுகிறேன். கிண்டி கிங் நிலைய வளாகத்தில் 1,000 படுக்கைகளோடு கலைஞர் நூற்றாண்டு மருத்துவமனை 2023 ஜூன் 15 அன்று திறக்கப்பட்டது. 2025 ஆகஸ்டில் எங்கள் தாம்பரத்திலேயே 400 படுக்கைகளோடு மாவட்டத் தலைமை மருத்துவமனை வந்தது. பெருங்களத்தூரிலும் முடிச்சூரிலும் மாடம்பாக்கத்திலும் இருப்பவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமான பிறகும், நோய் கொஞ்சம் பெரிதானால் தெற்கே செங்கல்பட்டு மருத்துவக் கல்லூரிக்குப் போ, இல்லையென்றால் வடக்கே சென்ட்ரலுக்கு எதிரே இருக்கும் ஜி.எச்.சுக்குப் போ என்பதுதான் இந்தப் பக்கத்து மக்களின் விதியாக இருந்தது. நடுவில் குரோம்பேட்டை ஜி.எச். ஒன்றுதான் காய்ச்சல், விபத்து, பிரசவம் என்று எல்லாவற்றையும் தாங்கி நின்றது.

கட்டடத்துக்குப் பணம் ஒதுக்கும்போது உங்களிடம் சஞ்சலமே இருப்பதில்லை. எத்தனை கோடி, எத்தனை மாடி, எத்தனை படுக்கை என்று எல்லாம் அரசாணையில் தெளிவாக இருக்கும். திறந்த மறுநாளிலிருந்து அதை நடத்த ஆகும் செலவுக்கு அப்படியொரு உறுதியை எந்தச் சட்டத்திலும் நீங்கள் எழுதிவைக்கவில்லை. மகளுக்குக் கட்டில் பீரோ, பாத்திரம் பண்டம் என்று ஊர் மெச்சச் சீர் செய்து அனுப்பிவிட்டு, ஆடிக்கும் தீபாவளிக்கும் எட்டிப் பார்க்காத தாய்வீடு போல. சீரில் குறை சொல்ல முடியாது. எட்டிப் பார்க்கவில்லை என்று அந்தப் பெண் மட்டும் அழுவாள், அதுவும் சத்தமில்லாமல்.

விதி 110-ஐ நீங்கள் கையாளும் அழகையும் சொல்ல வேண்டும். முதலமைச்சர் எழுந்து அறிக்கை படிப்பார். அந்த விதியின்படி அதன்மேல் விவாதம் கிடையாது. இன்ன ஊர் மருத்துவமனை தரம் உயர்த்தப்படும் என்ற வரி வந்ததும் மேசைகள் தட்டப்படும். எந்த ஆட்சி என்று நான் பேதம் பார்க்கவில்லை. இரண்டு பெரிய கட்சிகளும் இந்த விதியைப் பயன்படுத்தி நல்ல செய்திகளைத் தந்திருக்கின்றன, இரண்டு பக்கத்து மேசைகளும் தட்டு வாங்கியிருக்கின்றன. குறுக்குக் கேள்வி கேட்டு அந்த நல்ல நேரத்தை ஒருவரும் கெடுத்ததில்லை. தரம் உயர்ந்த மருத்துவமனைக்கு எத்தனை செவிலியர் இடம் கூடுதலாக உருவாகும், மயக்க மருந்து டாக்டர் இரவிலும் இருப்பாரா, ஸ்கேன் கருவி பழுதானால் யார் பணத்தில் சரிசெய்வது என்பவை அந்த நாளுக்குப் பொருந்தாத கேள்விகள். அவற்றுக்கான நாள் ஒன்று தனியே இருக்கிறது. மானியக் கோரிக்கை எண் 19, மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத்துறை. கொள்கை விளக்கக் குறிப்பு வரும், எதிர்க்கட்சி வெட்டுத் தீர்மானம் கொடுக்கும், அமைச்சர் பதில் சொல்வார், புதிய அறிவிப்புகளை வாசிப்பார், கோரிக்கை நிறைவேறும். இத்தனை பெரிய துறையின் ஓராண்டுச் செலவை இவ்வளவு விரைவாகப் பார்த்து முடிக்கும் உங்கள் கூர்மை எனக்கு வாய்க்காது. எங்கள் தெருவில் குடியிருப்போர் சங்கத்துக் கணக்கை முடிக்கவே இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆகிறது.

காப்பீட்டுத் திட்டத்தை எப்படிப் புகழாமல் இருப்பது? 2009 ஜூலையில் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கியது, 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டமாக மாறியது. பெயர் மாறினாலும் காப்பீடு நிலைத்தது. இன்று ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை. நெஞ்சைப் பிளந்து செய்யும் அறுவை சிகிச்சையை ஒரு கூலித் தொழிலாளி கடன் வாங்காமல் செய்துகொள்ள முடிகிறது. இதில் ஒரு சொல்லையும் நான் குறைக்க மாட்டேன்.

ஆனால் அந்தப் பணம் நடக்கும் பாதையைப் பாருங்கள். அது படுக்கையில் சேர்ந்தவருக்கு, பட்டியலில் உள்ள சிகிச்சைக்குத் தரப்படும் பணம். புறநோயாளியாக வந்து சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, ஊசி போட்டுக்கொண்டு போகிறவருக்கு அது இல்லை. ஒரு சிறிய மருத்துவமனையின் வேலையில் பெரும்பகுதி இதுதான். காய்ச்சல், சர்க்கரை, ரத்தக் கொதிப்பு, குழந்தைக்கு இருமல், நாய்க்கடி ஊசி, சைக்கிளிலிருந்து விழுந்தவனுக்குக் கட்டு. இவற்றைச் சரியாகப் பார்த்தால் பெரிய ஆபரேஷன் தேவைப்படுகிறவர்கள் குறைவார்கள். சர்க்கரைக்காரரின் கால் புண்ணைத் தொடக்கத்திலேயே பார்த்துக் காலைக் காப்பாற்றும் செவிலியருக்கும் அவருடைய மருத்துவமனைக்கும் காப்பீட்டில் ஒரு ரூபாயும் வராது. அந்தக் காலை எடுக்கும் நிலை வந்தபின் சேர்த்துக்கொள்ளும் பெரிய மருத்துவமனைக்கு வரும். அரசு மருத்துவமனைகளும் இந்தத் திட்டத்தில் பணம் ஈட்டுகின்றன, அதில் கருவிகளும் வாங்குகின்றன. அறுவை அரங்கு உள்ளவை ஈட்டுகின்றன. காலைக் காப்பாற்றியவை ஈட்டுவதில்லை.

சிறிய மருத்துவமனைக்குக் கையில் கொடுக்கும் பணம் ஒன்றும் இல்லாமல் இல்லை. தேசிய நலவாழ்வு இயக்கத்தின் விதிப்படி, கட்டுத்தளை இல்லாத நிதியாக ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு ஆண்டுக்கு 1.75 லட்சம் ரூபாய், துணை மாவட்ட மருத்துவமனைக்கு 5 லட்சம். சம்பளமும் மருந்தும் தனி வழியில் வருகின்றன. மருந்து கொள்முதலுக்கு 1994-ல் தொடங்கி நீங்கள் வளர்த்தெடுத்த மருத்துவப் பணிகள் கழகத்தைப் பிற மாநிலங்கள் வந்து பார்த்துப் படித்துக்கொண்டு போயின. அந்த ஒன்றுக்காகவே உங்களை ஆயுள் முழுதும் வாழ்த்தலாம். ஆனால் குழாய் உடைந்தால், ஜெனரேட்டருக்கு டீசல் தீர்ந்தால், அவசரத்துக்கு இரண்டு நாள் ஆள் வேண்டுமென்றால், கை வைக்கக்கூடிய பணம் அந்த 5 லட்சம்தான். மாதத்துக்கு 42 ஆயிரத்துக்கும் குறைவு. ஒரு தொகுதியின் உறுப்பினருக்குத் தொகுதி மேம்பாட்டு நிதி ஆண்டுக்கு 3 கோடி. அதிலிருந்து மருத்துவமனைக்குச் சுற்றுச்சுவரும் கூடுதல் அறையும் கட்டித்தந்த உறுப்பினர்கள் உண்டு, அவர்கள் பெயரும் அந்தச் சுவரில் உண்டு. டீசலில் பெயர் எழுத முடியாது.

தாம்பரத்துக்காரர்களுக்கு இதைச் சொல்ல ஓர் உரிமை இருக்கிறது. எங்கள் ஊரில் ஒரு ரயில் நிலையத்தின் பெயரே ஒரு மருத்துவமனையின் பெயர். 1928-ல் டாக்டர் சௌரி முத்து என்பவர் 12 படுக்கைகளோடு காசநோயாளிகளுக்காக இங்கே ஒரு சானடோரியம் தொடங்கினார். இங்கிலாந்தில் மெண்டிப் குன்றுகளில் அவர் நடத்திய காசநோய் இல்லத்தில் கணித மேதை ராமானுஜன் சிகிச்சை பெற்றிருக்கிறார். சொந்த முயற்சியில் நடந்த தாம்பரத்து மருத்துவமனையை 1937-ல் அரசு ஏற்றுக்கொண்டது. அப்படி ஏற்காமல் போயிருந்தால் நல்ல மனதால் தொடங்கிப் பணத்தால் முடிந்த எத்தனையோ மருத்துவமனைகளில் அதுவும் ஒன்றாகியிருக்கலாம். ஏற்றதால் அது நூறாண்டை நெருங்குகிறது. 1990-களில் எச்.ஐ.வி. என்று சொன்னாலே மற்ற இடங்களில் கதவைச் சாத்திய காலத்தில், 1993 முதல் அந்த நோயாளிகளை உள்ளே படுக்கவைத்துப் பார்த்தது இந்த சானடோரியம். 2004 ஏப்ரலில் நாட்டில் இலவச கூட்டு மருந்து தொடங்கியபோது அதைக் கொடுத்த முதல் மையங்களில் இதுவும் ஒன்று. அங்கே வேலை செய்த டாக்டர்களையும் செவிலியர்களையும் வார்டு பணியாளர்களையும் பற்றிப் பேசும்போது என் குரல் தானாகவே தழுதழுக்கும். யாரும் சட்டம் போட்டு அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. வந்தவனைத் திருப்பி அனுப்பக் கூடாது என்று அவர்களுக்குத் தோன்றியது, அவ்வளவுதான். அந்த நல்ல மனம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு சட்டம் எதற்கு என்று நீங்கள் விட்டுவிட்டது, அவர்கள்மேல் உங்களுக்கு இருந்த நம்பிக்கையைக் காட்டுகிறது.

அதே நம்பிக்கைதான் கொரோனா காலத்திலும். 2020-ல் ஒப்பந்தத்தில் எடுத்த செவிலியர்களை நம்பினீர்கள், அவர்கள் முகக்கவசத்துக்குள் வியர்த்துக்கொண்டே உயிர்களைக் காத்தார்கள், நாமெல்லாம் வாசலில் நின்று கைதட்டினோம். 2022 டிசம்பர் 31-ஓடு அவர்களின் ஒப்பந்தம் முடிந்தது. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். ஒப்பந்தத்தில் எழுதிய நாள் தவறாமல் முடித்ததில் அரசு சொன்ன சொல் காத்தது. அவர்கள் புத்தாண்டைப் போராட்டத்தில் தொடங்கினார்கள். சிறிய மருத்துவமனையில் கட்டடம் நிற்கும், படுக்கை நிற்கும், இரவு இரண்டு மணிக்கு அந்தப் படுக்கையருகே நிற்க வேண்டியவரின் சம்பளம் மட்டும் ஆண்டுக்கு ஆண்டு யாரோ ஒருவரின் கையெழுத்தை எதிர்பார்த்து நிற்கும். இதுதான் என் முழு மனத்தாங்கலும்.

உங்களால் சட்டம் போட முடியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. 2017 ஜனவரி 23 அன்று ஜல்லிக்கட்டுக்காக ஒரே நாளில் மசோதா கொண்டுவந்து ஒருமனதாக நிறைவேற்றினீர்கள். 2020-ல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு தந்தீர்கள். அந்தச் சட்டத்தால் கூலி வீட்டுப் பிள்ளைகள் டாக்டர் படிப்பில் உட்கார்ந்திருக்கிறார்கள். அதற்கு எந்தப் புகழும் போதாது. 2018 ஜனவரியில் உறுப்பினர்களின் மாதச் சம்பளத்தை 55 ஆயிரத்திலிருந்து 1 லட்சத்து 5 ஆயிரமாக உயர்த்தும் மசோதாவை நிறைவேற்றி, முந்தைய ஜூலை முதலே அது செல்லும் என்றும் எழுதிவைத்தீர்கள். ஒரு பணம் தவறாமல் வர வேண்டுமென்றால் அதைச் சட்டத்தில் எழுத வேண்டும், விட்டுப்போன மாதங்களையும் சேர்த்து எழுத வேண்டும் என்ற நுட்பம் உங்களுக்கு நன்றாகவே தெரியும். 2021 நவம்பரில் தாம்பரம், பல்லாவரம், பம்மல், அனகாபுத்தூர், செம்பாக்கம் என ஐந்து நகராட்சிகளையும் சிட்லபாக்கம், மாடம்பாக்கம், பெருங்களத்தூர், பீர்க்கன்காரணை, திருநீர்மலை என ஐந்து பேரூராட்சிகளையும் இணைத்துத் தாம்பரத்தை மாநகராட்சி ஆக்கினீர்கள். பத்து ஊர் ஒரு ஊராக ஆனதற்குச் சட்டம் இருக்கிறது. அந்த ஊரின் சிறிய மருத்துவமனைகளுக்கு எத்தனை தலைக்கு எவ்வளவு என்று சொல்லும் சட்டம் இல்லை.

மற்ற இடங்களில் இதைச் சட்டத்திலும் ஏற்பாட்டிலும் எழுதிப் பார்த்திருக்கிறார்கள். பக்கத்துக் கேரளம் 1996-ல் மக்கள் திட்டத்தைத் தொடங்கியபோது ஆரம்ப சுகாதார நிலையங்களைக் கிராமப் பஞ்சாயத்துகளிடமும் தாலுகா மருத்துவமனைகளை அந்தந்தப் பகுதி உள்ளாட்சிகளிடமும் ஒப்படைத்தது. கூடவே திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் உள்ளாட்சிகளுக்குத் தந்தது. பொறுப்பும் பணமும் ஒன்றாகப் போயின. அமெரிக்கக் காங்கிரஸ் 1997-ல் ஒரு சட்டத்தின் வழியே, தொலைதூரச் சிறு மருத்துவமனைகளை ஒரு தனி வகையாக்கியது. முதியோர் காப்பீட்டில் அவற்றுக்கு எண்ணிக்கையைப் பார்த்துப் பணம் தரக் கூடாது, நடத்த ஆகும் செலவைப் பார்த்துத் தர வேண்டும் என்று எழுதியது. பின்னர் செலவுக்கு மேல் ஒரு விழுக்காடு கூட்டியும் தந்தது. நோயாளி குறைவாக வந்த மாதத்திலும் அவசரப் பிரிவில் விளக்கெரிய வேண்டும், டாக்டர் இருக்க வேண்டும் என்ற உண்மையை அந்தச் சட்டம் ஒப்புக்கொண்டது. அங்கும் எல்லாம் சுகம் இல்லை. 2025 ஜூலையில் ஏழைகளின் மருத்துவ உதவியில் பெரிய வெட்டு விழுந்தபோது, கிராமப்புற மருத்துவமனைகள் சாய்ந்துவிடுமே என்று அதே சட்டத்தில் ஐந்தாண்டுக்கு 5,000 கோடி டாலர் நிதி ஒன்றைச் சேர்த்தார்கள். போதுமா என்பது வேறு பேச்சு. வெட்டியவர்களே பதில் சொல்ல வேண்டியிருந்தது, ஏனென்றால் வெட்டப்படுவது இன்னது என்று ஏட்டில் இருந்தது. ஏட்டில் இல்லாததை வெட்டினால் சத்தமே கேட்காது.

சட்டம் எழுதினால் மட்டும் போதுமா என்று நீங்கள் கேட்கலாம். சரியான கேள்வி. ராஜஸ்தான் 2023 மார்ச்சில் நலவாழ்வு உரிமைச் சட்டம் நிறைவேற்றியது, டாக்டர்கள் தெருவில் இறங்கினார்கள், விதிமுறைகள் எழுதப்படாமல் அது கிடப்பில் கிடந்தது. நம்மிடமே 1997-ல் மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2018-ல் வந்தன. இருபத்தொரு ஆண்டு பொறுமை காத்த அவைக்கு அவசரப்படுகிறது என்ற குற்றச்சாட்டு ஒருநாளும் பொருந்தாது.

அரசு சாராத சிறிய மருத்துவமனைகளையும் மறக்க முடியாது. டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958-ல் தொடங்கிய தரமணி வி.எச்.எஸ்., குடும்பத்தின் வருமானத்துக்கேற்ற சந்தா என்ற முறையைக் கொண்டுவந்து, பரங்கிமலை வட்டாரத்துக் கிராமங்களில் சிறு நலவாழ்வு மையங்களை நடத்திக் காட்டியது. காப்பீடு என்ற சொல் இந்த மக்களை எட்டாத காலத்தில் நடந்த காரியம் அது. தாம்பரத்தில் 1982-ல் தொடங்கிய இந்து மிஷன் மருத்துவமனை நன்கொடையாலும் சேவையாலும் வளர்ந்தது. இப்படிப்பட்டவர்களுக்கு நாடாளுமன்றம் தந்த பரிசுகள் உண்டு. மருத்துவச் சேவைக்கு ஜி.எஸ்.டி. வரிவிலக்கு இருப்பதால், கருவியும் பொருளும் வாங்கும்போது கட்டிய வரியை மருத்துவமனை திரும்பப் பெற முடியாது, செலவோடு செலவாக அது நின்றுவிடும். 2020-ல் வெளிநாட்டு நன்கொடைச் சட்டம் திருத்தப்பட்டு, ஒரு நிறுவனம் தான் பெற்ற நன்கொடையை இன்னொரு நிறுவனத்துக்குப் பகிர்ந்து தருவது தடுக்கப்பட்டது. பெரிய அறக்கட்டளை ஊர்ச் சிறு ஆஸ்பத்திரிக்குக் கைகொடுத்த வழி அத்தோடு அடைபட்டது. கணக்கு ஒழுங்காக வேண்டும் என்பதில் எனக்கு மறுப்பில்லை. ஒழுங்கை இவ்வளவு கவனமாகக் காத்தவர்கள், அடைபட்ட வழிக்கு மாற்றாக உள்நாட்டில் ஒரு வழியைத் திறப்பதையும் அதே கவனத்தோடு செய்திருக்கலாம்.

இப்போது நான் கேட்பது உங்கள் திறமைக்குச் சிறிய வேலை. நான்கு பக்கத்தில் ஒரு மசோதா. நூறு படுக்கைக்கு உட்பட்ட அரசு மருத்துவமனை ஒவ்வொன்றுக்கும், படுக்கைக் கணக்கும் ஓராண்டில் வந்த புறநோயாளிக் கணக்கும் வைத்து நடைமுறைச் செலவுக்கு ஒரு குறைந்தபட்சத் தொகை, விலைவாசியோடு சேர்ந்து உயர்வதாக. எந்த மருத்துவமனையைத் தரம் உயர்த்தினாலும் அதே அரசாணையில் நிரந்தரப் பணியிடங்களும் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தரம் உயர்ந்ததாகக் கொள்ளக் கூடாது என்ற ஒரு பிரிவு. காப்பீட்டுப் பணம் குறிப்பிட்ட நாளுக்குள் மருத்துவமனைக்கு வர வேண்டும், தவறினால் வட்டி. 2025 ஆகஸ்டில் ஹரியானாவில் நிலுவை தாங்காமல் தனியார் மருத்துவமனைகள் ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுச் சேவையை நிறுத்திய கதை இங்கே வர வேண்டாம். மாநகராட்சிக்குள் இருக்கும் நகர்ப்புறச் சுகாதார நிலையங்களின் வரவு செலவு அந்தந்த வார்டில் மக்கள் பார்க்கும்படி ஒட்டப்பட வேண்டும். மருத்துவமனையும் மருந்தகமும் அரசமைப்பின் மாநிலப் பட்டியலில் இருப்பவை. டெல்லியைக் கைகாட்ட வேண்டிய அவசியம் இதில் உங்களுக்கு இல்லை. இது உங்கள் அவையின் முழு உரிமை, அதைக் காப்பதில் நீங்கள் எவ்வளவு உறுதியானவர்கள் என்பதை ஆளுநரோடு நடந்த வழக்குகளில் நாடே பார்த்தது.

அடுத்த முறை கோரிக்கை எண் 19 அவைக்கு வரும்போது ஒரே ஓர் உறுப்பினர் எழுந்து, அமைச்சரைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டால் போதும்: குரோம்பேட்டையைப் போன்ற ஒரு மருத்துவமனைக்கு அடுத்த மாதம் வந்தே தீர வேண்டிய பணம் எவ்வளவு, அது எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி வருகிறது? அந்த உறுப்பினர் தாம்பரத்துக்காரராகவோ, பல்லாவரம், சோழிங்கநல்லூர்க்காரராகவோ இருந்தால் எங்களுக்கு இன்னும் மகிழ்ச்சி. எந்தக் கட்சியானாலும் சரி. அன்று அவருக்காக அவையில் யாரும் மேசை தட்டாவிட்டாலும், எங்கள் ஊர் ஜி.எஸ்.டி. சாலையில் அவருக்கு நாங்கள் மாலை போடுவோம்.